காலியில் சல்சா: மதியத்தில் தொடங்குங்கள்

ஊர் பேரைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "காலியா? அங்க என்னடி இருக்கும்?" என்பதுதான். கொலம்பியாவின் தென்மேற்கில், கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டர் மேலே, கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கிறது காலி. இலங்கையில் இருக்கிற காலி வேறு. இங்கே இருபது லட்சத்துக்கும் மேல் மக்கள், அதில் பாதிப் பேர் சனிக்கிழமை ராத்திரி சல்சா ஆடிக்கொண்டிருப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். நிறையக் கூட்டவில்லை.

நான் ஆத்தூர்க்காரி. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு லாரி லாரியாகப் போகிற பக்கம். என்னை இங்கே இழுத்து வந்ததும் மரவள்ளிதான். காலிக்கு அடுத்த பல்மீராவில் சியாத் என்ற வெப்பமண்டல வேளாண் ஆய்வு மையம் இருக்கிறது, அங்கே வேலை. வந்தபோது வயது 38. அதுவரை ஆடியதென்றால் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு கும்மி, அதிலும் கடைசி வரிசை. இப்போது நான்காவது வருடம், வாரத்துக்கு இரண்டு நாள் ஆடுகிறேன். சுமாராகத்தான் வரும். ஆனால் ஒரு கோலா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்ற காலம் போய்விட்டது. வேலைக்கும் படிப்புக்கும் இந்தப் பக்கம் வருகிற நம் ஆட்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: எங்கே, எப்படித் தொடங்குவது?

எல்லோரும் சொல்லுகிற வழி, பத்து வகுப்பு போ, அப்புறம் சனிக்கிழமை ராத்திரி கிளப்புக்குப் போ என்பது. நானும் அப்படித்தான் போனேன். காயே கின்த்தா என்ற ஐந்தாம் தெருவில் ஒரு பெரிய சல்சா கூடம், ராத்திரி பதினொரு மணி, தோளோடு தோள் உரசுகிற கூட்டம். ஒருவர் கை நீட்டினார். நான் வகுப்பில் பழகியபடி வாய்க்குள் "ஒண்ணு ரெண்டு மூணு, அஞ்சு ஆறு ஏழு" என்று எண்ணிக்கொண்டே ஆடினேன். பாட்டு முடிந்ததும் அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஜெபம் செய்துகொண்டிருந்தீர்களா?" அடுத்தவர் என்னைச் சுற்றிவிட்டபோது என் பின்னல் சுழன்று போய் அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்து, இனிமேல் கிழங்கு உண்டு நானுண்டு என்று படுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்கிற பெண்ணின் அம்மா என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூட்டிப்போனார். வியெஹோத்தேக்கா. வியெஹோ என்றால் கிழம், தேக்கா என்பது டிஸ்கோத்தேக்காவின் வால். 1990-களில் வயதானவர்கள் பகலிலேயே வந்து தங்கள் காலத்துப் பாட்டுக்கு ஆடிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பட்டும் என்று தொடங்கிய வழக்கம். இன்றைக்கு எல்லா வயதுக்காரர்களும் வருகிறார்கள். ஆனாலும் அந்த மதியம் பெரியவர்களுக்குச் சொந்தமானதுதான்.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான். பாட்டு பழசு, அதனால் தாளம் தெளிவாகக் கேட்கும். பகல் வெளிச்சம், அடுத்தவர் காலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணம் கிளப்பை விடக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே ஆடுகிறவர்களுக்கு யாரையும் அசத்த வேண்டிய தேவை இல்லை.

அன்றைக்கு என்னை முதலில் அழைத்தவருக்கு எழுபது தாண்டியிருக்கும். நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்பும் வெள்ளையுமான தோல் செருப்பு. செருப்பு என்றா சொன்னேன், ஷூ. மேசை மேல் ஒரு துணிப்பை வைத்திருந்தார், நம் மஞ்சப்பை அளவில். எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ, கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றேன். "நானும்தான், மிஹா" என்றார். மிஹா என்றால் என் மகளே. அவர் வலது கை என் முதுகில், தோள் எலும்புக்குக் கீழே இருந்தது. பாட்டு தொடங்கி முழுசாகப் பத்து நொடி அவர் நகரவே இல்லை. அந்தக் கையின் இரண்டு விரல் மட்டும் முதுகில் மெதுவாகத் தட்டியது: தும்-தும். கொஞ்சம் இடைவெளி. மறுபடி தும்-தும். மூன்றாவது தடவை அந்தத் தட்டலுக்கு அப்புறம் அவர் கால் எடுத்து வைத்தார், என் காலும் தானாகப் போனது. எண்ணவில்லை என்பது பாட்டு பாதி முடிந்த பிறகுதான் உறைத்தது.

அந்தத் தும்-தும் என்னவென்று பிறகு தெரிந்துகொண்டேன். கொங்கா என்ற உயரமான முரசில் நான்காவது எண்ணிக்கையிலும் எட்டாவது எண்ணிக்கையிலும் திறந்த கையால் போடுகிற இரட்டைத் தட்டு அது. சல்சாவின் சுற்று எட்டு எண்ணிக்கை. 1, 2, 3 என்று மூன்று அடி, 4 விட்டுவிடு. 5, 6, 7 என்று மூன்று அடி, 8 விட்டுவிடு. ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு எட்டு ஒன்றும் புதிதல்ல. கால் சும்மா இருக்கிற அந்த இரண்டு இடத்தில்தான் முரசு பேசுகிறது. அது பேசி முடித்ததும் நீங்கள் அடி எடுத்து வைத்தால் போதும். வகுப்பில் இரண்டு மாதம் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. எண்ணத்தான் சொன்னார்கள்.

அந்தத் துணிப்பைக்குள் இருந்தது ஒரு மாட்டு மணி. கொம்பு மாட்டுக் கழுத்தில் கட்டுகிறது போலவே, நாக்கு மட்டும் இல்லாதது. காம்பானா என்பார்கள். பாட்டின் முதல் பாதியில் பாடகர் கதை சொல்லுவார். அப்புறம் கோரஸ் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாட, பாடகர் இடையில் புகுந்து புகுந்து விளையாடுவார், நம் பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்கக் கூட்டம் வாங்கிப் பாடுகிற மாதிரி. அந்த இடத்தில் இசைத்தட்டுக்குள் இருக்கிற போங்கோக்காரர், போங்கோ என்ற சின்ன இரட்டை முரசை வைத்துவிட்டு மணியை எடுப்பார். 1, 3, 5, 7-ல் ஓங்கி ஓங்கி விழும். அதே நொடியில் மேசைகளிலிருந்தும் ஐந்தாறு பேர் தங்கள் மணியை எடுத்துக் குச்சியால் தட்ட ஆரம்பிப்பார்கள். காலியில் ஆடாமல் உட்கார்ந்து மணி தட்டுவதற்கென்றே வருகிறவர்கள் உண்டு, அவர்களுக்கும் மரியாதை அதிகம். தாளம் புரியாத நாட்களில் மணி தொடங்கும் வரை காத்திருந்து எழுந்து ஆடுங்கள். அதை விட எளிய படிக்கட்டு கிடையாது.

சல்சா இந்த ஊரில் பிறந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கூபா நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கூபாவின் சோன் இசை, நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் கையில் வேறு உருவம் எடுத்தது. 1964-ல் அங்கே ஜானி பச்சேக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம்தான் சல்சா என்ற பேரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அந்தக் காலத்து நியூயார்க் தட்டுகள் புவெனவெந்தூரா துறைமுகத்தில் இறங்கிய கப்பல்காரர்களின் பெட்டிகளில் காலிக்கு வந்தன. வந்த பாட்டு இந்த ஊர்க்காரர்களுக்கு மெதுவாகப் பட்டது. நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45-ல் ஓட விட்டு ஆடினார்கள். காலிக்காரர்களின் கால் ஏன் தையல் மிஷின் ஊசி மாதிரி போகிறது என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் காரணம் இதுதான்.

இது உங்களுக்கு ஏன் தேவை என்றால், வேறு ஊரில் கற்றுக்கொண்டு வந்தவர்கள் இங்கே வந்து திணறுவதைப் பார்க்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் பாணிகளில் இருவரும் ஒரு நேர்க்கோட்டில் இடம் மாறி மாறி ஆடுவார்கள். கூபா பாணியில் ஒருவரையொருவர் வட்டமாகச் சுற்றுவார்கள். காலியில் உடம்பின் மேல்பாதி கிட்டத்தட்ட அசையாது, நின்ற இடத்திலேயே கால் மட்டும் முன்னும் பின்னும் பறக்கும். பெங்களூரிலோ லண்டனிலோ கற்ற நீளமான சுற்றுகளை இங்கே எடுத்தால் பக்கத்து ஜோடியை இடிப்பீர்கள். அந்தப் பழக்கத்தை ஒரு மாதம் மறந்துவிடுங்கள். அடிப்படை அடி ஒன்று போதும், அதை மூன்று பாட்டு சலிக்காமல் ஆடத் தெரிந்தவரோடு ஆட எல்லோரும் வருவார்கள்.

வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வியெஹோத்தேக்கா போய்விட்டு வந்து சேருங்கள், அப்போதுதான் எதைக் கற்கிறோம் என்று தெரியும். தனி வகுப்பாக ஒரு நாலைந்து மணி நேரம், அப்புறம் குழு வகுப்பு. ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை: மொத்தமாகக் காசு கட்டாதீர்கள். நான் ஒரு பள்ளியில் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு இருபது வகுப்புக்குச் சேர்த்துக் கட்டினேன். ஆறாவது வகுப்போடு எனக்குச் சொல்லிக்கொடுத்த பையன் வெளிநாட்டு நிகழ்ச்சிக்குப் போய்விட்டான், மிச்சம் பதினான்கு வகுப்பும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தன் ஆட்டத்தையே ரசிக்கிற ஒருவரிடம் போனது. பணம் திரும்ப வரவில்லை. வகுப்புக்கு வகுப்பு கொடுங்கள், கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை.

உடுப்பு, தலை, கால்

பின்னல் போடாதீர்கள், கொண்டை போடுங்கள். என் கதையைத்தான் சொன்னேனே. மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள், கை மாறும்போது சிக்கும், அடுத்தவர் விரலைக் கிழிக்கும். துப்பட்டா பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஷூவில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். ஓட்டப் பயிற்சிக்குப் போடுகிற ரப்பர் அடி ஷூ தரையைக் கவ்விப் பிடிக்கும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி. காலியில் ஆடுவதற்கு அசோத்தார் பால்தோசா என்று ஒரு சொலவடை உண்டு, தரையில் பதித்த ஓடுகளை விளாசு என்று அர்த்தம். நிஜமாகவே பழைய இடங்களில் ஓட்டுத் தரைதான். வழுக்கும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கிற வழுக்கல். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு தட்டையான ஷூவுக்கு நகர மையத்தில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடி போட்டுக்கொண்டேன். மூன்று வருடமாக அதுதான். குதிகால் உயர்ந்த ஷூ முதல் வருடத்தில் வேண்டாம்.

ஒரு கைத்துண்டு, மாற்று மேல்சட்டை ஒன்று, விசிறி. சாயங்காலம் ஃபரயோனெஸ் மலைப் பக்கமிருந்து நல்ல காற்று இறங்கும், ஆனால் கூடத்துக்குள் அது வராது. வியர்வையில் நனைந்த சட்டையோடு அடுத்தவரை அணைத்து ஆடுவதை இங்கே யாரும் நாகரிகமாக நினைப்பதில்லை. பாதியில் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வருகிற ஆண்களைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன், இப்போது அவர்களைத்தான் தேடி ஆடுகிறேன்.

தொடுகிற விஷயம்

நம் ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு இதுதான் பெரிய மலை, அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஆண் கை கோத்து முதுகில் கை வைக்கிறான் என்றால் முதல் நாள் உடம்பு கட்டை மாதிரி ஆகிவிடும். எனக்கு ஆயிற்று. இங்கே அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு பாட்டு. பாட்டு தொடங்கும்போது அந்த அணைப்பு தொடங்கும், முடிந்ததும் முடிந்துவிடும். கிராசியாஸ், அதாவது நன்றி, சொல்லி உங்கள் மேசை வரை கொண்டுவந்து விடுவார். ஆடிவிட்டதால் அவரோடு பேச வேண்டும், குடிக்க வேண்டும் என்ற கடன் எதுவும் கிடையாது. இரண்டாவது பாட்டு வேண்டாமென்றால் முதல் பாட்டின் முடிவில் நீங்களே முந்திக்கொண்டு கிராசியாஸ் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். எல்லோருக்கும் புரியும்.

முதுகில் இருக்கிற கை கீழே இறங்கினால், அல்லது இடைவெளி உங்களுக்குப் பிடிக்காத அளவுக்குக் குறைந்தால், உங்கள் இடது கை அவர் தோளின் முன்பக்கம்தான் இருக்கிறது, அதை நிமிர்த்தித் தள்ளிப் பிடியுங்கள். அது ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிற சைகை. அப்படியும் கேட்காவிட்டால் பாட்டின் நடுவில் நின்று நடந்து வந்துவிடுங்கள். நான்கு வருடத்தில் இரண்டு முறை அப்படி வந்திருக்கிறேன். இரண்டு முறையும் என்னைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை, அந்த ஆளைத்தான் பார்த்தார்கள்.

ஆண்களுக்கு: கை நீட்டி, பைலாமோஸ், ஆடலாமா என்று கேளுங்கள். பெண் ஒரு ஆணோடு மேசையில் இருந்தால், வியெஹோத்தேக்காவில் அந்த ஆணையும் ஒரு பார்வை பார்த்துத் தலையசைத்துக் கேட்பது பழைய மரியாதை. வேண்டாமென்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், காரணம் கேட்காதீர்கள். பெண்கள் போய்க் கேட்பதும் சகஜம். எனக்கு அது பழக ஒரு வருடம் ஆனது.

ராத்திரி

மதியத்தில் மூன்று நான்கு மாதம் ஆடிவிட்டீர்களானால் ராத்திரிக்கு வரலாம். ஐந்தாம் தெருவில் லா தோப்பா தொலோந்த்ரா, தின் தின் தேயோ என்று பேர் பெற்ற கூடங்கள் இருக்கின்றன. வடக்கே சபெரோக்கோ. வெளியூர்க்காரர்களும் ஊர்க்காரர்களும் கலந்து வருகிற இடங்கள் இவை, தனியாகப் போகிறவருக்கும் ஆடத் துணை கிடைக்கும். பத்து மணிக்கு முன் போனால் நாற்காலியோடுதான் ஆட வேண்டும். வாசலில் குரோசோவர் என்று எழுதியிருந்தால் ரெகேதோன், பச்சாத்தா, மெரெங்கே எல்லாம் கலந்து போடுவார்கள், சல்சா கொஞ்சம்தான் வரும். சல்சாவுக்காகப் போகிறீர்களென்றால் சல்சோத்தேக்கா என்று கேட்டுப் போங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹுவாஞ்சித்தோ என்ற இடம் ஒரு காலத்தில் விடிய விடிய ஆடுவதற்குப் பேர்போனது. அது கந்தெலாரியா நகராட்சியில் இருப்பதால் காலியின் மூடும் நேரம் அங்கே செல்லாது. இன்றைக்கு அந்தப் பழைய களை இல்லை, புதிதாக வந்தவர்கள் தனியாகப் போக வேண்டாம்.

மேசைக்கு உட்கார்ந்தால் மெதியா, அதாவது அரை பாட்டில் வாங்குவதுதான் வழக்கம். அகுவார்தியெந்தே சோம்பு வாசனை அடிக்கிற கரும்புச் சாராயம், காலி இருக்கிற வாயே மாகாண அரசின் ஆலையிலேயே தயாரிக்கிறார்கள். டாஸ்மாக் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. குடிக்காதவர்கள் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. மதிய இடங்களில் லுலாதா கிடைத்தால் விடாதீர்கள். லுலோ நம் சுண்டைக்காயின் ஒன்றுவிட்ட தம்பி, புளிப்பும் இனிப்புமாக, பழத்தை நசுக்கி ஐஸ் போட்டுத் தருவார்கள்.

கொலம்பியாவில் நோ தார் பப்பாயா என்பார்கள், பப்பாளி கொடுக்காதே. எடுத்துக்கொள் என்கிற மாதிரி நீட்டிக்கொண்டு நிற்காதே என்று பொருள். தெருவில் நின்று போனைப் பார்ப்பது பப்பாளி. ஆடப் போகும்போது பானத்தை மேசையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து குடிப்பது பெரிய பப்பாளி. மயக்க மருந்து கலக்கிறவர்கள் இந்த நாட்டில் கதையல்ல, நிஜம். ஆடும்போது யாராவது தெரிந்தவர் மேசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வந்து புது பாட்டில் திறங்கள். ஒரு அட்டை, அன்றைய செலவுக்குப் பணம், மற்றதெல்லாம் வீட்டில். திரும்பும்போது கூடத்துக்கு உள்ளேயே நின்று செயலியில் வண்டி கூப்பிட்டு, எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள். நாலு தெருதானே என்று நடக்காதீர்கள்.

நாள் பார்த்துப் போவதிலும் சூட்சுமம் இருக்கிறது. 1983-ல் வந்த ஒரு சட்டப்படி இங்கே பல பண்டிகை விடுமுறைகள் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட வாரத்தில் ஞாயிறு ராத்திரிதான் ஊரே கிளம்பும். தேர்தல் வந்தால் நேர்மாறு: லெய் சேக்கா, வறட்சிச் சட்டம், சனி மாலை 6 மணியிலிருந்து திங்கள் காலை வரை மது விற்கக் கூடாது. 2023 அக்டோபர் கடைசியில் உள்ளாட்சித் தேர்தல் என்பதே தெரியாமல் தலை வாரி, தோல் அடி ஷூ மாட்டி, டாக்ஸியில் போய்ப் பூட்டிய கதவு முன் இறங்கினேன். ஓட்டுநர் கிளம்பாமல் காத்திருந்தார். "திரும்பி வருவீர்கள் என்று தெரியும், சென்யோரா" என்றார்.

டிசம்பர் 25 முதல் 30 வரை ஃபெரியா, ஊரின் திருவிழா. முதல் நாள் சல்சோத்ரோமோ, நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் சாலையில் ஆடிக்கொண்டே போவார்கள். பார்க்க அற்புதம், ஆனால் ஆட இடம் கிடைக்காது, வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். முதல் முறை வருகிறவர்களுக்கு அந்த வாரத்தை நான் சொல்லுவதில்லை. பிப்ரவரியோ மேயோ ஒரு சாதாரண ஞாயிறு போதும்.

அம்மாவோடு பேசுகிற நேரம் மட்டும் இடிக்கிறது. இந்தியா பத்தரை மணி நேரம் முன்னால் போகிறது, நான் ஞாயிறு ஆட்டம் முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்பினால் அங்கே திங்கள் காலை ஆறரை. அம்மா காபியோடு வீடியோவில் வருவார். நான் வழியில் வாங்கின பாந்தெபோனோவைப் பிய்த்துக்கொண்டே பேசுவேன். சூடாக, பாலாடைக்கட்டி வாசனையோடு, கையில் எடுத்தால் லேசாக இழுக்கும் ரொட்டி. "அது என்னடி மாவு?" என்று போன வாரம் கேட்டார். மரவள்ளி மாவும்மா என்றேன். பாதியைப் பிட்டு கேமரா பக்கம் காட்டச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "புளிக்க வச்சிருக்காங்க போலிருக்கே" என்றார். சரியாகச் சொன்னார், புளிக்க வைத்த மாவுதான்.